மாமன் மகளின் நாரைக் கை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு சர்க்கரையிலும் மூட்டுவலியிலும் தொடங்கி, யார் பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறான் என்பதில் போய் நிற்கிறது. நடுவில் யாராவது, “இந்த வயசுக்கு மேல யாரைப் பாத்துப் பொறாமைப்படப் போறோம்” என்று சொல்லிவிட்டுக் காப்பியை எடுப்பார்கள். நானும் தலையாட்டி வைப்பேன். உங்களிடம் மறைப்பானேன், எனக்கு ஒருத்தி மேல் பொறாமை இருக்கிறது. பன்னிரண்டு வயதில் வந்தது, இன்னும் போகவில்லை. அவள் என் மாமன் மகள். நகைக்காகவா, நிறத்துக்காகவா என்று கேட்பீர்கள். ஒரு சீனச் சண்டைக்கலைக்காக என்றால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டே கேளுங்கள்.

அப்போது நாங்கள் புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் இருந்தோம். அப்பா அரசு ஆபீசில் கிளார்க். கல்யாணத்துக்கு முன்பு மெட்ராசில் வேலை பார்த்தபோது கராத்தே கற்றுக் கறுப்பு பெல்ட் வாங்கியவர். பையன்கள் எல்லாம் கராத்தே பைத்தியம் பிடித்துத் திரிந்த காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். ஓடு உடைக்கிறேன் என்று கையை உடைத்துக்கொண்டவன் தெருவுக்கு ஒருவன் இருந்தான். அப்பா விடிகாலையில் கோயிலுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் வகுப்பு எடுத்துவிட்டு, குளித்து, திருநீறு பூசிக்கொண்டு ஆபீசுக்குப் போவார். அந்த வகுப்பில் வரிசையின் கடைசியில் நான் நிற்பேன். ஒரே பெண். அம்மா காடாத்துணியில் தைத்துத் தந்த உடுப்பு, கஞ்சி போட்டுக் காய்ந்ததும் கழுத்தை அறுக்கும். ஆனால் கையை வேகமாக நீட்டினால் அந்தத் துணி ‘டப்’ என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்காகவே இன்னும் கெட்டியாகக் கஞ்சி போடச் சொல்லி அம்மாவை நச்சரிப்பேன்.

கராத்தே அசைவுகளைக் கோத்துச் செய்யும் வரிசைகளில் அப்பாவுக்குப் பிடித்தது ஒன்று இருந்தது. சான்சின் என்று பெயர். பார்க்க ஒன்றுமே இல்லாதது மாதிரி இருக்கும். பாதங்களை உள்பக்கமாகத் திருப்பி, தொடையை இறுக்கி, மூடிய இரண்டு கைமுட்டியும் முகத்துக்கு நேரே வர நிற்க வேண்டும். அங்கிருந்து மெதுவாக முன்னே நடப்பது, ஒரு முட்டியைப் பின்னுக்கு இழுத்து மெதுவாகக் குத்துவது, திரும்புவது. ஆனால் மூச்சு? பட்டறைத் துருத்தி மாதிரி அடிவயிற்றிலிருந்து சீறிக்கொண்டு வரும். அப்பா அதைச் செய்யும்போது கழுத்து நரம்பெல்லாம் கயிறு கயிறாகப் புடைக்கும். நாங்கள் செய்யும்போது அவர் வரிசைக்குப் பின்னால் நடந்து வருவார். நிற்கும் நிலை சரியாக இருந்தால் இரண்டு தோளிலும் பளீரென்று அறைவார். அசையாமல் நிற்க வேண்டும். சரியில்லாதவனை அறைய மாட்டார், “போய் உக்காருடா” என்பார். வாயால் பாராட்டும் பழக்கம் அவருக்கு இல்லை. தோள் சிவந்து வீட்டுக்குப் போகும் நாள் எனக்குத் தீபாவளி.

தை மாதத்தில் பினாங்கிலிருந்து அத்தை வந்தார், அம்மாவின் அண்ணன் மனைவி. மாமாவுக்கு அங்கே துறைமுகத்தில் வேலை. ஊரில் வீடு கட்டிவிட வேண்டும் என்று அத்தையையும் மகளையும் அனுப்பிவைத்திருந்தார். எங்கள் வீட்டுக்கு அடுத்த மனையில் வேலை நடந்தது. முடியும் வரைக்கும் அவர்கள் எங்களோடுதான் இருந்தார்கள். பெட்டியைத் திறந்ததும் தைலமும் பிஸ்கட்டும் புது நைலானும் சேர்ந்த ஒரு வாசனை கூடம் முழுக்கப் பரவியது. எனக்கு ஒரு ஃப்ராக் வந்திருந்தது. மாமன் மகளுக்கோ காலில் கறுப்புத் துணிச் செருப்பு, அடிப்பகுதி காகிதம் மாதிரி மெல்லிசு. சீனக்கடையில் வாங்கியது என்றாள். நடந்தால் சத்தமே வராது. அவளும் என் வயதுதான், சில மாதங்கள் மூத்தவள். அவள் என்னை ஒன்றும் செய்யவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

வந்த சில நாளில் வேடிக்கை பார்க்க வகுப்புக்கு வந்தாள். நாங்கள் சான்சின் செய்து முடித்ததும் அப்பாவிடம் நேராகப் போனாள். பேச்சின் முடிவில் ‘லா’ போடுவது அவள் ஊர்ப் பழக்கம்.

“மாமா, இது எங்க எடத்துல உள்ளது லா.”

“எது?”

“இப்ப செஞ்சீங்களே. நாங்க சாம்சியன்னு சொல்லுவோம். பக்கத்து வீட்டு சைக்கிள்கடைச் சீனரு சொல்லிக் குடுத்தாரு, அவரு பொண்ணுக்கும் எனக்கும்.”

பையன்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. “எங்க, பண்ணு பாப்போம்” என்றார்.

அவள் செய்தாள். அதே கால், அதே நடை, அதே திரும்பல். ஆனால் கைகளை மூடவில்லை. விரல்கள் சேர்ந்து விரிந்து, மணிக்கட்டு தளர்ந்து, குத்த வேண்டிய இடத்தில் விரல் நுனி மட்டும் நீரில் கொத்துவது போல் போய் வந்தது. மூச்சுச் சத்தமே இல்லை. எங்களுக்கு வியர்த்துக் கொட்டியிருந்தது, அவள் தூங்கி எழுந்தவள் மாதிரி இருந்தாள். அப்பா பின்னால் போய்த் தோளில் அறைந்தார். அந்த அறை எங்கே போனது என்றே தெரியவில்லை. அவள் முதுகு லேசாக வாங்கிக்கொண்டு பழையபடி நின்றது. அப்பா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அவர் முகத்தில் அப்போது வந்த ஒரு பார்வையை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்காக வந்திருக்க வேண்டிய பார்வை அது என்று மட்டும் தோன்றியது.

அன்று இட்லிக்கு உட்காரும்போது அப்பாவே பேச்சை எடுத்தார். “அந்தச் சீனரு என்ன சொன்னாரு, இது எங்கேருந்து வந்துச்சாம்?”

அவள் சட்னியைத் தொட்டுக்கொண்டே சொன்னாள். சீனாவில் கடலோரத்து ஊர் ஒன்றில் ஒரு பெண் தானியம் காயப்போட்டிருந்தாளாம். வெள்ளை நாரை ஒன்று இறங்கித் தின்ன வந்தது. கம்பால் விரட்டினாள். நாரை பறக்கவில்லை. தலையைக் குறிபார்த்தால் ஒதுங்கியது, இறக்கையைக் குறிபார்த்தால் விலகி நின்று கம்பையே கொத்தியது. அப்பனிடம் சண்டை கற்றிருந்த பெண் அவள். அந்த நாரையைப் பார்த்து அப்பன் சொல்லித்தந்ததையே மாற்றிக்கொண்டாள். அதுதான் வெள்ளை நாரைக் கலை. அங்கிருந்து கப்பல் ஏறிப் பல தீவுகளுக்குப் போனதாம், ஜப்பான் பக்கத்துத் தீவுக்கும்.

“அப்ப கராத்தே ஒரு பொம்பள கண்டுபிடிச்சதா?” என்று அம்மா சிரித்தார்.

“கதை,” என்றார் அப்பா. “ஜப்பான்காரன் யாருகிட்டயும் போயி கத்துக்கல.” ஆனால் எழுந்து கை கழுவும்போது, “ஆத்தா, நாளையிலேருந்து நீயும் கிளாசுக்கு வா” என்றார். என்னை அவர் கூப்பிடுவது ‘ஏ புள்ள’ என்று. அவள் வந்த இரண்டு வாரத்தில் ‘ஆத்தா’ ஆகிவிட்டாள்.

அவள் வரிசையின் முன்னால் நின்றாள். என் இடம் கடைசியிலேயே இருந்தது. அப்பா அவளிடம் ஓயாமல், “கைய மூடு, கைய மூடுத்தா” என்பார். அவள் மூடுவாள், மறுநொடி தானே விரிந்துகொள்ளும். என் கை எப்போதும் ஒழுங்காக மூடியிருக்கும். அதனால் என்னிடம் சொல்ல அவருக்கு ஒன்றும் இல்லை. கடைத்தெருவுக்குச் சைக்கிளில் போனால் முன்கம்பியில் அவள், பின்கேரியரில் நான். அவர்கள் முன்னால் பேசிக்கொண்டு போவது காற்றில் பாதிதான் காதில் விழும். அவளுடைய துணிச்செருப்பில் ஒன்றை ஒருநாள் போட்டுப் பார்த்தேன். எனக்கு இறுக்கமாக இருந்தது. அதற்கும் அவள் மேல் கோபம் வந்தது.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதை வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள். எல்லோரும் தப்பாகவே புரிந்துகொண்டார்கள். அம்மா, அவளுடையது மாதிரி ஃப்ராக் வேண்டுமாக்கும் என்று கீழராஜவீதியில் துணியெடுத்துத் தைக்கக் கொடுத்தார். அத்தை, ஊர் விட்டு ஊர் போகும் ஆசை வந்துவிட்டது என்று நினைத்து, “படிச்சு முடி, ஒன்னையும் அங்க கூட்டிட்டுப் போறேன்” என்றார். அப்பா எதையுமே நினைக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்தல்.

மாசி மாதம் நான் பெரியவள் ஆனேன். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, தனித் தட்டு, தனிப் பாய், உளுந்தங்களி, பிறகு சடங்கு. எல்லாம் முடிந்து ஒரு காலையில் பழையபடி உடுப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அப்பா சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நீ வேணாம் புள்ள. உள்ள போ.”

“ஏன்ப்பா?”

“அம்மாவைக் கேளு.”

அம்மா, “பசங்களுக்கு நடுவுல இனிமே காலைத் தூக்கிக்கிட்டு நிக்கிறதா?” என்றார்.

“அவளும் ஆளானவதானே. அவ மட்டும் போறா?”

“அது அந்த ஊருப் புள்ள. இன்னும் ரெண்டு மாசத்துல போயிரும். நீ இங்கினதானே இருக்கணும்.”

துணிச்செருப்பு சத்தமில்லாமல் படியிறங்கி சைக்கிள் முன்கம்பியில் ஏறியது. நான் உடுப்பைக் கழற்றினேன். அது பிறகு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அம்மா அதைக் கிழித்து அடுப்பங்கரைத் துணியாக்கியிருக்கலாம்.

சித்திரையில் பொன்னமராவதிப் பள்ளி மைதானத்தில் கராத்தே நிகழ்ச்சி ஏற்பாடானது. அப்பாவின் மெட்ராஸ் மாஸ்டர் தலைமை தாங்க வந்திருந்தார். பெரிய உடம்பு, சென்ட் வாசனை, இடுப்பில் நூல் பிரிந்து வெளுத்த பெல்ட். அப்பா அவர் முன்னால் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார். நானும் அத்தையும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பையன்கள் ஓடு உடைத்தார்கள், ஐஸ் கட்டி உடைத்தார்கள். பிறகு அப்பா மைக்கில், “அடுத்து சான்சின். செய்பவர் எனது மாணவி” என்றார். மாணவி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

கையை மூடிச் செய்வதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். முதல் நடையில் மூடித்தான் இருந்தது. திரும்பும்போது விரிந்துவிட்டது. வேண்டுமென்று செய்தாளா, மறந்து செய்தாளா என்று எனக்குத் தெரியாது. அந்தப் புழுதியில், அந்த வெயிலில், மைதானமே சத்தமடங்கிப் பார்த்தது. அழகாக இருந்தது. என் கண்ணாலேயே பார்த்தேன், இல்லை என்று சொல்ல முடியாது.

மாஸ்டர் மைக்கை வாங்கினார். “இது என்ன டான்ஸா? இதுக்குப் பேரு கராத்தேயா?” அப்பா பக்கம் திரும்பினார். “யாருய்யா இதைச் சொல்லிக் குடுத்தது?”

அப்பா, “நான் இல்லங்க சார்” என்றார். “மலேசியாவுல எங்கயோ பாத்துட்டு வந்து அதுவா பண்ணுது. நானும் சொல்லித்தான் பாத்தேன்.”

மைக் பக்கத்தில் இருந்ததால் அது மைதானம் முழுக்கக் கேட்டது. அவளுக்கும் கேட்டது. அவள் கைகளை இறக்கி, குனிந்து வணக்கம் வைத்துவிட்டு வந்து எங்களோடு உட்கார்ந்தாள். அழவில்லை. எனக்கு நெஞ்சுக்குள் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினது மாதிரி இருந்தது. இன்றோடு அவள் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

திரும்பும் பஸ்சில் இரண்டு பேர் சீட்டில் அப்பாவும் அவளும். பின்சீட்டில் நானும் அத்தையும். ஊர் தாண்டும் முன்பே அவள் தூங்கி அப்பாவின் தோளில் சாய்ந்துவிட்டாள். அந்தப் பக்கத்துக் கையால்தான் அவர் முன்கம்பியைப் பிடித்திருந்தார். பஸ் குலுங்கும்போதெல்லாம் மற்றக் கையால் அவள் தலையைத் தாங்கிக்கொண்டார். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வரை அந்தத் தோளை அசைக்கவில்லை. இறங்கும்போது மரத்துப்போன கையை உதறிக்கொண்டு நின்றார். தோற்றும் அவளே ஜெயித்தாள்.

மறுநாள், “நீயும் வரவேணாம்த்தா. பசங்க கொழம்புறானுக” என்று அவளிடமும் சொல்லிவிட்டார். அவள், “சரி மாமா” என்றாள். ஏன் என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மதியங்களில் அவள் புதுவீட்டு மொட்டைமாடிக்குப் போவாள். கான்கிரீட் போட்டு, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். சிமெண்டும் சாக்கும் சேர்ந்து வெக்கையில் ஒரு வாசனை அடிக்கும். பாத்தியில்லாத ஓரத்தில் நின்று அவள் செய்வாள். துணைக்குப் போகச் சொல்லி என்னை அனுப்புவார்கள். கொஞ்ச நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு அவளுக்குப் பின்னால் எழுந்து நின்று நானும் செய்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

“கையைத் தொற லா. தோள் எளகும்.”

“எங்க அப்பா சொல்லிக் குடுத்தது இப்பிடித்தான்.”

“மாமாவே கையைத் தொறந்துதான் செய்வாங்க,” என்றாள்.

“எப்ப?”

“கிளாசுக்கு முன்னாடி. இருட்டோட என்னை எழுப்பி கொல்லைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. மொதல்லேருந்து சொல்லிக் குடுன்னு கேட்டாங்க. மூச்சு இப்ப நல்லா விடுறாங்க. யாருகிட்டயும் சொல்லாதேன்னு சொன்னாங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நீ யாரோவா” என்றாள்.

 நான் வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருக்க, சுவருக்கு அந்தப் பக்கம் என் அப்பா ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் கையைத் திறந்து பாடம் கேட்டிருக்கிறார். பிறகு தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மைக்கில் சொல்லியிருக்கிறார். அவர் செய்ததில் எது பெரிய தப்பு என்று இன்றைக்கு என்னால் பிரித்துச் சொல்ல முடிகிறது. அன்றைக்கு என்னைச் சுட்டது முதலாவது மட்டும்தான்.  முட்டியை இன்னும் இறுக்கி மூடி, அப்பா பொட்டலில் சொல்லிக்கொடுத்தபடியே, சீறும் மூச்சோடு முழு வரிசையையும் செய்து முடித்தேன்.

வைகாசியில் புதுவீட்டில் பால் காய்ச்சினார்கள். அடுத்த வாரம் அவர்கள் புறப்பட்டார்கள். துணிச்செருப்பை எனக்கு விட்டுப்போகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன்.

அவள் சொன்னது கதையில்லை என்பது எனக்கு டீச்சர் வேலை கிடைத்து, புத்தகங்கள் கைக்கு வந்த பிறகு தெரிந்தது. நாரையும் பெண்ணும் எவ்வளவு நிஜமோ தெரியாது. ஆனால் சீனக் கடலோரத்து நாரைக் கலை ஜப்பானுக்குத் தெற்கே இருந்த தீவுக்குப் போனது நிஜம். தீவுக்காரர்கள் கடல் தாண்டிப் போய்க் கற்று வந்திருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு ஆசானும் ஒவ்வொரு விதமாக மாற்ற, ஒன்று பலவாகக் கிளைத்திருக்கிறது. விரித்த கையை மூடியதும் மூச்சைக் கடுமையாக்கியதும் பின்னால் நடந்தவை. மூடிய பிறகுதான் அது ஜப்பானுக்குப் போய், உலகமெல்லாம் சுற்றி, மெட்ராஸ் வழியாகத் திருக்கோகர்ணத்துப் பொட்டலுக்கு வந்திருக்கிறது. மாமன் மகள் கொண்டுவந்தது தாய், நாங்கள் செய்தது பேத்தி. அப்பாவுக்கு மாற்றலானதும் வகுப்பு நின்றுபோயிற்று. நான் நிறுத்தவில்லை. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, பேறுகால விடுப்பு, பொதுத்தேர்வு விடைத்தாள் எல்லாவற்றுக்கும் நடுவில், கதவைச் சாத்திக்கொண்டு சான்சின் செய்தேன். கேட்டால் முதுகுவலிக்கு என்று சொல்லிக்கொள்வேன்.

போன தை மாதம் அவள் வந்தாள். மகன் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்க வந்தவள், அப்பாவைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா காலமான பிறகு அப்பா என்னோடு இருக்கிறார். பேரன் பெயரையே மாற்றிச் சொல்கிறவர், அவள் படியேறும்போதே நாற்காலியில் நிமிர்ந்தார். “ஆத்தா, வா” என்றார். இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கினார். விரல்கள் விரிந்திருந்தன.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா என் கணவரிடம் பெருமையாகச் சொன்னார்: “மாப்பிள்ளை, எங்கிட்ட கத்துக்கிட்ட ஒரே பொம்பளப் புள்ள இதுதான்.”

“என்ன மாமா,” என்று அவள் என்னைக் காட்டினாள். “இவ எனக்கு முன்னாடியே கத்துக்கிட்டவ. மறந்துட்டீங்களா?”

அப்பா என்னைப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார். “இவளா? இவ வேடிக்கை பாக்க வருவா. இவளுக்கு அதெல்லாம் எங்க வருது” என்றார். பிறகு அவளிடம், “ஒரு தடவ பண்ணிக் காட்டுத்தா” என்றார்.

அவள் கூச்சத்தோடு எழுந்து நின்றாள். இரண்டு நடை வந்தாள். நின்றுவிட்டாள். “மறந்துபோச்சு மாமா. கல்யாணத்தோட விட்டாச்சு லா.”

“அதுனால என்ன. நின்ன நிலையே போதும்” என்றார் அப்பா.

அடுத்த நடை எனக்குத் தெரியும். நான் கதவோரம் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

அவள் பினாங்குக்குப் போய் ஒரு வாரம் கழித்து, வீட்டில் யாரும் இல்லாத ஒரு சாயங்காலம், அப்பாவின் நாற்காலியைக் கூடத்துப் பக்கம் திருப்பி வைத்தேன். “அப்பா, இங்கிட்டுப் பாருங்க” என்றேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். முட்டியை மூடினேன். முதல் நடையிலிருந்து கடைசி வணக்கம் வரை ஒன்று விடாமல் செய்தேன்.  அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுக்கப் பார்த்தார்.

“அந்தப் புள்ளகிட்ட கத்துக்கிட்டியா?” என்றார்.

“இல்லப்பா. ஒங்ககிட்டதான்.”

நம்பினாரா என்று தெரியவில்லை. மெல்லத் தலையை ஆட்டினார். “நல்லாத்தான் பண்ணுற” என்றார். வாயால் அவர் அப்படிச் சொன்னது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. பிறகு, “ஆனா, அந்தப் புள்ள பண்ணுறப்ப...” என்று தொடங்கி, மேலே சொல்லாமல் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் செருகியிருந்த புடவையை எடுத்துவிட்டுக்கொண்டு, “மாத்திரை நேரமாச்சுப்பா” என்றேன்.